அடுப்பு இல்லாத வெந்நீர்

நாமெல்லாம் சன்னலோர சீட்டுக்குச் சண்டை போட்டவர்கள். கரித்தூள் ஒரு கண்ணில் விழுந்தால், அதைக் கசக்கிக்கொண்டே மறு கண்ணால் வேடிக்கை பார்த்தவர்கள். இப்போது சன்னல் திறப்பதில்லை. படுத்தால் போர்வை, எழுந்தால் ஊர். நடுவில் எந்த ஊர் வந்தது, எந்த ஊர் போனது என்று யாருக்கும் கவலை கிடையாது. அதனால் இதை உங்களிடம்தான் சொல்ல முடியும். இறங்க வேண்டிய அவசியமே இல்லாத ஊர்களில் இறங்குவதற்கென்றே ரயில் ஏறிய ஒரு மனிதர் எனக்கு அப்பாவாக வாய்த்திருந்தார்.

அப்பாவுக்குப் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை. வீடு திருச்சி பாலக்கரையில் ஒரு சந்துக்குள். ரயில்வே குடும்பங்களுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை குடும்பத்தோடு இலவசமாகப் போய்வர பாஸ் கிடைக்கும். கோடை லீவு முடிந்து ஸ்கூல் திறந்ததும் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் கேட்கும் முதல் கேள்வி, "பாஸ்ல எங்க போனீங்க?" என்பதுதான். காசி என்பார்கள், டில்லி என்பார்கள். தாஜ்மகால் முன்னால் நின்று எடுத்த போட்டோவைக் காட்டுவார்கள். எனக்குச் சொல்ல வாயில் நுழைகிற ஒரு பெயர் இருக்காது.

"பெரிய ஊரு எங்கயும் ஓடிப்போயிடாது. சின்ன ஊருதான், நாம பார்க்காம விட்டா அப்படியே விட்டதுதான்" என்பார் அப்பா. பாஸில் காசி என்று எழுதியிருந்தாலும் காசி வரை போய்ச் சேர்வது அபூர்வம். வழியில் இறங்கிக்கொள்ள பாஸில் அனுமதி உண்டு. அந்த ஒரு வரிக்காகவே அவர் அந்த வேலையில் சேர்ந்தாரோ என்று அம்மாவுக்குச் சந்தேகம்.

எங்கே இறங்குவது என்று தேர்ந்தெடுக்க அவரிடம் ஒரு முறை இருந்தது. ஏதோ பெயர் தெரியாத ஸ்டேஷன் வரப்போகிறது, ஒரு ஆள் மட்டும் எழுந்து மூட்டையைக் கட்டுகிறான் என்றால், அப்பா அவனிடம் கேட்பார். "இங்க என்னங்க விசேஷம்?" பாதி வார்த்தை தமிழ், மீதி கை ஜாடை. அவன் கோயிலைச் சொன்னாலோ கோட்டையைச் சொன்னாலோ தலையாட்டிவிட்டுச் சும்மா இருந்துவிடுவார். "ஒண்ணுமில்ல" என்று கையை விரித்தால் போதும், எங்கள் ஹோல்டால் படுக்கை சுருட்டப்படும்.

"ஒண்ணுமில்லைன்னு சொல்றான்ல? அப்ப ஏதோ இருக்கு."

அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். "உங்கப்பாவுக்கு சொர்க்கத்துக்கே டிக்கெட் குடுத்தாலும், அதுக்கு முந்தின ஸ்டேஷன்ல இறங்கி டீ குடிச்சிக்கிட்டு நிப்பாரு."

இதையெல்லாம் கேட்டு, சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டு, மடியில் பித்தளைக் கூஜாவை அணைத்தபடி உட்கார்ந்திருப்பாள் அத்தை. திருகு மூடி போட்ட கூஜா. அந்த மூடியைத் திருகும்போது வருகிற கிறீச் சத்தம் இப்போதும் என் பல்லில் கூசுகிறது. அத்தை அப்பாவின் அக்கா. கல்யாணமான சில வருஷத்தில் மாமா வடக்கே வேலை என்று போனார். போனவர் போனவர்தான். அத்தை தம்பி வீட்டுக்கு வந்தாள், வந்தவள் வந்தவள்தான். இப்படித்தான் எங்கள் சந்தில் சொல்வார்கள், ஏதோ கணக்கு நேராகிவிட்டது மாதிரி.

எங்கள் வீட்டில் விடிவது சூரியனால் அல்ல, பொன்மலைச் சங்கினால். ஒர்க்‌ஷாப்பின் முதல் சங்கு ஊதும்போது அப்பா குளித்தாக வேண்டும். நாள் முழுக்க இரும்போடு மல்லுக்கட்டுகிற உடம்பு, வெந்நீர் ஊற்றினால்தான் இளகும் என்பார். ஆகவே சங்குக்கு முன்னால் எழுவது அத்தை. மர டிப்போவிலிருந்து வாங்கிவந்த மரத்தூளைத் தகர அடுப்பில் கொட்டி, நடுவில் ஒரு பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் குத்திக் குத்தி இறுக்குவாள். பிறகு பாட்டிலைத் திருகி உருவுவாள். நடுவில் அழகாக ஒரு குழி விழும். அதில்தான் தீ. தூள் கொஞ்சம் ஈரமாக இருந்தால் தொலைந்தது, சந்து முழுக்கப் புகை. ஊதுகுழலும் கையுமாக அத்தை உட்கார்ந்திருப்பாள். அவள் கண்ணின் வெள்ளை எப்போதுமே கொஞ்சம் சிவப்பு. அவள் பிறவியே அப்படி என்று நான் நினைத்திருந்தேன்.

முதல் வெந்நீர் அப்பாவுக்கு. அடுத்து ஸ்கூலுக்குப் போகிற அண்ணனுக்கும் எனக்கும். பிறகு அம்மா. அதற்குள் அண்டாவில் அடி தட்டிவிடும், தூளும் சாம்பலாகிவிடும். அத்தை குழாயடியில் பச்சைத் தண்ணீரை ஊற்றிக்கொண்டு வந்துவிடுவாள்.

"அவங்களுக்குப் பச்சைத் தண்ணிதான் ஒத்துக்கும்" என்பாள் அம்மா, வருகிறவர்களிடம். அதில் கொஞ்சம் பெருமைகூட இருக்கும். அப்பாவும் அதையே சொல்வார். யார் முதலில் சொன்னதென்று தெரியாது. ஒரு வீட்டில் சில பேச்சுகள் ஆணி மாதிரி. யார் அடித்தது என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது, எல்லாரும் சட்டையை மட்டும் மாட்டிக்கொண்டிருப்பார்கள்.

மார்கழியில் சில நாள் அத்தை என்னை ஸ்ரீரங்கத்துக்கு அழைத்துப்போவாள். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறி, அம்மா மண்டபம் படித்துறையில் இறங்குவோம். பனிமூட்டத்தில் எதிர்க்கரை தெரியாது. அத்தை மூக்கைப் பிடித்துக்கொண்டு முழுகி எழுவாள், உதடு ஊதா நிறம். ஒரு தடவை பல் கிடுகிடுக்கச் சொன்னாள்: "இம்மாம் பெரிய காவேரி. இதுக்கும் யாராச்சும் ஒரு அடுப்பு மூட்டக் கூடாதா?" நான் சிரித்தேன். பக்கத்துப் படியில் துணி பிழிந்த அம்மாளும் சிரித்தாள். வேடிக்கைப் பேச்சு என்று விட்டுவிட்டோம்.

அந்த வருஷக் கோடையில் பாஸ் வங்காளம் வரைக்கும். எழும்பூரில் இறங்கி, ரிக்‌ஷாவில் சென்ட்ரல் போய், வடக்கே போகிற மெயிலில் ஏறினோம். ஆந்திராவில் ஒரு 'ஒண்ணுமில்ல' ஊரில் அப்பா எங்களை இறக்கினார். நிஜமாகவே ஒன்றுமில்லை. ஒரு புளியமரம், ஒரு சிமெண்டு பெஞ்சு, காவி அடித்த ஒரு தண்ணீர்த் தொட்டி. தூரத்தில் யாரோ எருமையை அழைக்கிற குரல். வராத எருமையை அந்தக் குரல் மதியம் முழுக்க அழைத்துக்கொண்டே இருந்தது. நான் பெஞ்சில் படுத்து, புளிய இலை வழியாக வெயில் சல்லடையாக விழுவதைப் பார்த்தபடியே தூங்கிப்போனேன். எழுந்தபோது அதே குரல், அதே வெயில். கனவுக்குள் இன்னும் இருக்கிறேனா, வெளியே வந்துவிட்டேனா என்று பிடிபடவில்லை. உண்மையைச் சொன்னால், இத்தனை வயசுக்குப் பிறகும் அந்த மதியத்திலிருந்து நான் முழுசாக எழுந்துவிட்டதாகத் தோன்றவில்லை.

"எப்படி இருந்துச்சு?" என்றார் அப்பா, ஏதோ அவரே கட்டி வைத்த ஊர் மாதிரி.

மறுபடி ஏறிய ரயிலில் எதிர் சீட்டில் ஒரு மணப்பாறைக்காரப் பெண். புருஷனுக்கு வடக்கே இரும்பு ஆலையில் வேலையாம். பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டு, ஒரு டின் முறுக்கோடு திரும்பிக்கொண்டிருந்தாள். நாங்கள் திருச்சி என்று தெரிந்ததும் டின் திறந்துவிட்டது. முறுக்கைக் கடிக்கிற சத்தத்தில் ரயில் சத்தமே அடங்கியது. அப்பா வழக்கம்போல, போகிற வழியில் ஒன்றுமே இல்லாத ஊர் ஏதாவது உண்டா என்று கேட்டார்.

"ஒண்ணுமில்லாத ஊரா?" அவள் யோசித்தாள். "ஒரிசாவுல ஒரு சின்ன ஸ்டேஷன் இருக்குங்க. இந்த வண்டி நிக்காது. ஜங்ஷன்ல இறங்கி பாசஞ்சர் பிடிக்கணும். வெறும் வயக்காடுதான். ஆனா வயலுக்கு நடுவுல, பூமியிலேர்ந்து வெந்நீர் வருது. கொதிக்கக் கொதிக்க. அடுப்பும் இல்ல, விறகும் இல்ல. ராப்பகலா அது பாட்டுக்கு வந்துக்கிட்டே இருக்கு."

அப்பா உதட்டைப் பிதுக்கினார். "அப்ப விசேஷம் இருக்கிற ஊராச்சே."

அந்த நேரத்தில்தான் அத்தை பேசினாள். எந்த வருஷமும், எந்த ஊருக்கும், எதையுமே கேட்காத அத்தை.

"தம்பி, நாம அங்க இறங்கலாமா?"

எல்லாரும் அவளைப் பார்த்தோம். அவள் கூஜா மூடியைத் திருகித் திறந்தாள், தண்ணீர் குடிக்காமலே மறுபடி மூடினாள்.

"முட்டி வலிக்கா, அக்கா?" என்றார் அப்பா. "வெந்நீர் ஊத்து மூட்டு வலிக்கு நல்லதுன்னு கேள்விப்பட்டிருக்கேன். சரி, இறங்கிருவோம்."

அத்தை ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. அம்மாவின் முகம் மட்டும் மாறியது. அத்தை கைகழுவப் போனதும் அம்மா அப்பாவின் பக்கம் சாய்ந்தாள். நான் மேல் பலகையில் தூங்குகிறதாக அவர்கள் நினைப்பு.

"முட்டியும் இல்ல, மூட்டும் இல்ல. அவரு ஒரிசா பக்கம்தான் இருக்காருன்னு போன வருஷம் யாரோ வந்து சொன்னாங்கல்ல? அண்ணி அதுக்குத்தான் இறங்கணும்ங்கிறாங்க."

"சும்மா இரு. அக்கா அப்படியெல்லாம் நினைக்கிற ஆளா?"

"நினைக்காம இருக்க அவங்க கல்லா? தேடிப்போயி அந்த ஆளு முகத்தைத் திருப்பிக்கிட்டா, அதை யாருங்க தாங்குறது?"

கீழே சக்கரங்கள் தாளம் போட்டன. மாமாவின் முகத்தை நான் பார்த்ததே இல்லை. அதனால் பூமிக்குள்ளிருந்து ஆவியோடு எழும்பி வருகிற ஒரு மனிதராக அவரைக் கற்பனை செய்துகொண்டே தூங்கிவிட்டேன்.

ஜங்ஷனில் பாசஞ்சர் வண்டி, கோழிக்கூடைகளும் சைக்கிளுமாக. விடிந்து கொஞ்ச நேரத்தில் அந்த ஸ்டேஷனில் இறங்கினோம். எங்களைத் தவிர யாரும் இறங்கவில்லை. ஸ்டேஷன் மாஸ்டர் எங்களை விசித்திரமாகப் பார்த்தார். திரும்பிப் போக மதியத்துக்கு முன்னால் ஒரே ஒரு பாசஞ்சர்தான், அதை விட்டால் மறுநாள் என்று சொல்லிவிட்டு, வயலுக்கு நடுவே ஒரு வரப்பைக் காட்டினார்.

வரப்பில் வரிசையாக நடந்தோம். அப்பா முன்னால், அத்தை கடைசியில். இல்லை, அன்றைக்கு அப்படி நடக்கவில்லை. பாதி வழியிலேயே அத்தை எல்லாரையும் தாண்டிப் போய்விட்டாள். முட்டி வலிக்காரி எட்டிப்போட்டு நடக்கிற நடையை அப்பா ஆச்சரியமாகப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தாள், 'நான் சொன்னேன்ல' என்கிற மாதிரி.

தூரத்திலிருந்தே தெரிந்தது. பச்சை வயலுக்கு நடுவில் வெள்ளையாக ஆவி. முதலில் யாரோ இட்லிப் பானையைத் திறந்துவைத்திருப்பது போல இருந்தது. கிட்டே போகப் போகத் தீக்குச்சி உரசிய வாசனை. கல் கட்டிய ஒரு கிணறு. அதற்குள் தண்ணீர் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. கையை வைக்க முடியாத சூடு. அதிலிருந்து வழிந்து ஓடுகிற தண்ணீர் பக்கத்தில் ஒரு கல் தொட்டியில் சேர்ந்து, கொஞ்சம் ஆறிக் குளிக்கிற பதத்துக்கு வருகிறது. தொட்டியைச் சுற்றி மறைப்புச் சுவர். அந்த ஊர்ப் பெண்கள் இரண்டு மூன்று பேர் மடித்த சேலையோடு உட்கார்ந்திருந்தார்கள்.

அத்தை கிணற்றுக் கட்டையைப் பிடித்துக் குனிந்து பார்த்தாள். ஆவி அவள் முகத்தை மூடியது. அடியில் என்ன எரிகிறது என்று அவள் தேடுகிறாள் என்று எனக்குத் தோன்றியது. நானும் எட்டிப் பார்த்தேன். என் புத்திக்கு எட்டியது ஒன்றுதான். பூமிக்குள்ளே இன்னொரு அத்தை உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்குச் சங்கே கிடையாது. அதனால்தான் ராப்பகலாக ஊதிக்கொண்டே இருக்கிறாள்.

அம்மாவோ தண்ணீரைப் பார்க்கவே இல்லை. வயலில் நின்ற ஆட்கள், வண்டிக்காரன், பொரி விற்கிறவன் என்று ஒவ்வொரு ஆண் முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

அங்கே இருந்த ஒரு பெண் அத்தையைப் பார்த்து ஏதோ கேட்டாள். புரியவில்லை. இரண்டு கைகளையும் சேர்த்துக் குழந்தையைத் தாலாட்டுகிற மாதிரி காட்டினாள். பிள்ளை வரம் கேட்டுப் பெண்கள் அங்கே வந்து குளிப்பார்கள்போல. அத்தைக்கு விஷயம் புரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "இந்த வயசுலயா? போ தாயி" என்று தமிழிலேயே சொன்னாள். அந்தப் பெண்ணும் சிரித்தாள்.

பிறகு நடந்தது இதுதான்.

அத்தை இடுப்பில் சேலையைச் செருகினாள். தொட்டியில் இறங்கவில்லை. ஓரத்தில் கிடந்த வாளியை எடுத்து மொண்டாள். பதம் பார்த்தாள். "வாடி, தலைக்கு ஊத்துறேன்" என்று என்னை உட்காரவைத்தாள். எனக்கு ஊற்றி, தேய்த்து, துவட்டிவிட்டு அண்ணனைக் கூப்பிட்டாள். அவன் "சுடுது சுடுது" என்று குதித்தான். பச்சைத் தண்ணீர் தேடி வாய்க்காலுக்குப் போய் வாளியில் கொண்டுவந்து கலந்தாள். அடுத்து, மறைப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அப்பாவுக்கு வாளி வாளியாகக் கொண்டுபோய் வைத்தாள். "முதுகுல நல்லா விட்டுக்க தம்பி, இரும்படிக்கிற உடம்பு." அப்புறம் அம்மாவுக்கு. அம்மா தலையை விரித்துக் கண்ணை மூடிக்கொண்டாள். யாருக்கும் எதுவும் வித்தியாசமாகத் தெரியவில்லை. வீட்டில் எப்படியோ அப்படி.

அம்மா கூந்தலைப் பிழிந்துகொண்டிருக்கும்போது அப்பாவின் குரல் வந்தது. "அக்கா, வண்டிக்கு நேரமாச்சு! கிளம்புங்க!"

அத்தை வாளியைக் கவிழ்த்து வைத்தாள். தொட்டியின் ஓரத்தில் உட்கார்ந்து இரண்டு காலையும் தண்ணீருக்குள் விட்டாள். அவள் பாதத்தில் வெடிப்பு வெடிப்பாக இருக்கும், அடுப்புச் சாம்பல் ஏறி ஒருபோதும் வெளுக்காத வெடிப்பு. அதைச் சுற்றிச் சின்னச் சின்னக் குமிழிகள் வந்து ஒட்டிக்கொண்டன. அத்தை கண்ணை மூடினாள். நான் அவள் பக்கத்தில் நின்றேன். வயலும் ஆவியும் அந்தப் பெண்களின் பேச்சும் எல்லாம் எங்கேயோ தள்ளிப்போய்விட்ட மாதிரி இருந்தது. அவள் முகத்தில் அப்படி ஒரு சாந்தத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

"அக்கா!"

அத்தை உடனே காலை எடுத்துவிட்டாள். "போதும் தம்பி, கால் நனைச்சாச்சு. வாங்க வாங்க."

பாசஞ்சர் கிளம்பியது. ஆவி ஒரு வெள்ளை நூலாக வயலுக்கு மேலே தெரிந்து, பிறகு தெரியாமல் போயிற்று. அத்தை சன்னல் கம்பியில் கன்னத்தை வைத்து அது மறைந்த பிறகும் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"அண்ணி, மனசுல வெச்சுக்காதீங்க. அவரு இந்தப் பக்கம் இருப்பாருன்னு நினைச்சுத்தானே இறங்குனீங்க?"

அத்தை திரும்பினாள். அம்மா யாரைச் சொல்கிறாள் என்றே முதலில் அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் ஒரு சிரிப்புச் சிரித்தாள், எதிர் சீட்டுக் கிழவர் தூக்கம் கலைந்து பார்த்தார்.

"அவரா? அடப் போம்மா. அவரைத் தேடிப் புடிச்சு என்ன செய்யப்போறேன்? அவருக்கும் காலையில எழுந்து நான்தான வெந்நீர் போடணும்?"

"அப்ப எதுக்கு...?"

அத்தை மடியில் இருந்த கூஜாவைத் தடவினாள். "அந்த முறுக்குக்காரப் பொண்ணு சொன்னுச்சுல்ல, அடுப்பு மூட்டாம, ஊதாம, தண்ணி அது பாட்டுக்குச் சுடுதுன்னு. நம்ப முடியல. அதான் ஒரு தடவை பார்த்துப்புடணும்னு ஒரு ஆசை." பிறகு எங்களிடம் இல்லை, சன்னலுக்கு வெளியே சொன்னாள்: "யாரு மூட்டுன அடுப்போ, புண்ணியவதி, நல்லா இருக்கட்டும்."

அப்பா தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெந்நீரில் ஊறி விரல் நுனி சுருங்கியிருந்தது. அம்மாவின் தலைமுடி இன்னும் காயவில்லை. அதன் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு அம்மா வெகுநேரம் அத்தையின் காய்ந்த தலையையே பார்த்துக்கொண்டு வந்தாள். அந்த வருஷம் அதற்குப் பிறகு அப்பா எந்த ஊரையும் பற்றி யாரையும் எதுவும் கேட்கவில்லை.

திருச்சிக்கு வந்து சேர்ந்த மறுநாள் விடியலில் புகை மூக்கில் ஏறி இருமல் வந்தது. எழுந்து பார்த்தால் பக்கத்தில் அத்தை உட்கார்ந்திருந்தாள், என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு. பின்கட்டில் அம்மா. மரத்தூளைச் சரியாக இறுக்காமல் பாட்டிலை உருவியிருக்கிறாள், குழி இடிந்து புகை சந்து தாண்டிப் போயிருந்தது. பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "என்ன, வீடு எரியுதா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

"நீ தள்ளு, நான் பார்த்துக்கறேன்" என்று அத்தை போனாள்.

"நீங்க தொடக்கூடாது."

ஒரு வழியாக வெந்நீர் காய்ந்தது. அப்பா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு குளியலறை வாசலில் வந்து நின்றார். அம்மா வாளியை உள்ளே கொண்டுபோய் வைத்தாள், வெளியே வந்தாள், அத்தையின் கையைப் பிடித்து உள்ளே தள்ளி, கதவைச் சாத்தி, வெளித் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டாள்.

"ஏய், என்னடி இது! தம்பிக்கு நேரமாவுது! எனக்குப் பச்சைத் தண்ணிதான் ஒத்துக்கும்!"

"யாரு சொன்னா? நான் சொன்னது அது. குளிச்சாத்தான் திறப்பேன் அண்ணி."

உள்ளே சத்தமே இல்லை. நாங்கள் எல்லாரும் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அந்த நேரம் பார்த்துப் பொன்மலைச் சங்கு ஊதியது. அப்பா பதறிப்போய் அம்மாவைப் பார்த்தார்.

"ஊதட்டும்" என்றாள் அம்மா.

அப்பா ஒரு கணம் நின்றார். பிறகு துண்டை உதறி இடுப்பில் கட்டிக்கொண்டு குழாயடிக்குப் போனார். பச்சைத் தண்ணீர் முதல் சொம்பு தலையில் விழுந்ததும் அவர் போட்ட கூச்சல் சந்து முழுக்கக் கேட்டது.

அது அடங்கிய பிறகுதான் கதவுக்கு உள்ளே இருந்து சத்தம் வந்தது. ஒரு சொம்பு. கொஞ்சம் இடைவெளி. இன்னொரு சொம்பு. எந்த அவசரமும் இல்லாமல்.